கேட் வால்வா, பால் வால்வா?

சென்னையின் பெரும்பாலான வீடுகளில் மெட்ரோ தண்ணீர் முதலில் சம்ப் எனும் தரையடித் தொட்டியில் விழுந்து, மோட்டார் வழியாக மேல்நிலைத் தொட்டிக்கு ஏறுவதால், குழாய் உடையும் நேரத்தில் நாம் மூட வேண்டிய முதன்மை வால்வு தெருவோரத்தில் அல்லாமல், மொட்டைமாடியில் தொட்டியின் அடியிலிருந்து இறங்கும் குழாயில்தான் இருக்கும்.

பழைய வீடுகளில் அது பெரும்பாலும் சக்கரப் பிடி கொண்ட பித்தளை கேட் வால்வு. பல சுற்றுகள் திருகி மூட வேண்டிய இதன் தகடு அமரும் பள்ளத்தில், ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு வெள்ளைப் பொருக்காகப் படிந்துவிடுவதால், ஆண்டுக்கணக்கில் தொடாமல் விட்ட வால்வு முழுவதுமாக மூடாது. வலிந்து திருகினால் தண்டே முறியக்கூடும். எங்கள் வீட்டில் அப்படித்தான் முறிந்தது, தொட்டி காலியாகும்வரை சமையலறையில் வாளி மாற்றிக்கொண்டிருந்தோம்.

பால் (ball) வால்வோ, அதாவது உள்ளே துளையிட்ட பந்து சுழலும் வால்வோ, 90 பாகை திருப்பினால் மூடிவிடும். கைப்பிடி குழாயின் போக்கிலேயே இருந்தால் திறப்பு, குறுக்கே நின்றால் அடைப்பு என்று இருட்டில் தடவிப் பார்த்தே அறியலாம். ஆனால் பிளாஸ்டிக் பால் வால்வின் கைப்பிடி மாடி வெயிலில் நொறுங்கிப்போகும் என்பதால், பித்தளையையே பரிந்துரைப்பேன்.

எதுவாயினும், 6 மாதத்துக்கு ஒருமுறை மூடித் திறந்து பார்ப்பது அவசியம். கேட் வால்வின் தண்டருகே நீர் கசிந்தால், அங்குள்ள நட்டைச் சற்றே இறுக்கினால் பெரும்பாலும் நின்றுவிடும்.