வீணைக்கு எந்த வெளிச்சம்: யன்னலா, ஹாலஜனா, எல்.ஈ.டி.யா?

பழுது பார்த்து முடித்த வீணையொன்றைப் படம் எடுத்து ரொறன்ரோவுக்கு அனுப்பினேன். "மரம் ஏன் பச்சை அடிக்கிறது?" என்று பதில் வந்தது. பலா மரத்தில் ஒரு குறையும் இல்லை. என் பட்டறைக் கூரையில் எரிந்த பழைய குழல் விளக்குதான் அந்தப் பச்சையைப் பூசியிருந்தது. அன்றிலிருந்து கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கும் என் சிறிய பட்டறையில் விளக்குகளை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து வருகிறேன்.

கண்டதில் முக்கியமானது இது: படத்துக்கான வெளிச்சம் வேறு, வேலைக்கான வெளிச்சம் வேறு. படத்தில் மரத்தின் நிறமும் வீணைக் குடத்தின் வளைவும் கழுத்து முனையில் செதுக்கிய யாளியின் முகமும் தெரிய வேண்டும். வேலையில் சீவுளித் தடம், உப்புத்தாள் கீறல், ஒட்டில் விட்ட மயிரிழை இடைவெளி எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும் வெளிச்சம் வேண்டும். இரண்டுக்கும் ஒரே விளக்கை வாங்கப் போகிறவர் இரண்டிலும் அரைகுறையாகத்தான் நிற்பார்.

படத்துக்கு யன்னலை மிஞ்ச எதுவும் இல்லை என்பது என் கட்சி. காசு இல்லை, நிறம் பிசகுவதில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு இருந்தபோதும் யன்னல் வேலை செய்தது. ஆனால் எந்த யன்னல்? வடக்கு யன்னல்தான் சிறந்தது என்று ஐரோப்பியப் புத்தகங்கள் சொல்லும். அங்கே நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கே நிற்பதால் அது சரி. கொழும்பு நிலநடுக்கோட்டிலிருந்து ஏழு பாகைதான் வடக்கே இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரத்திலிருந்து செப்டெம்பர் முதல் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே இருக்கும். கொட்டாஞ்சேனையில் ஒரு நண்பர் புத்தகத்தை நம்பி வடக்கே பெரிய யன்னல் வைத்தார். ஜூன் மாதம் காலை வெயில் சரிந்து வந்து அவருடைய மேசையிலேயே உட்கார்ந்துவிட்டது. என் யன்னல் மேற்கே, கடலைப் பார்த்தது. காலை முழுவதும் வானத்தின் மென்மையான வெளிச்சம் கிடைக்கும். இரண்டு மணிக்குப் பிறகு வெயிலும் கடலின் பளபளப்பும் சேர்ந்து கண்ணைக் குத்தும். அப்போது வெள்ளை வேட்டியை இரண்டாக மடித்து யன்னலில் கட்டிவிடுகிறேன். எதிர்ப்பக்கம் ஒரு ரெஜிபோம் பலகையை நிறுத்தினால் நிழலும் இளகும். மிருதங்கத்துக்கு இது மிகவும் அவசியம். நடுவே வட்டமாகப் பூசிய கரிய கரணையையும் சுற்றியுள்ள வெளிறிய தோலையும் ஒரே படத்தில் காட்ட வேண்டியிருக்கிறதே.

தென்மேற்குப் பருவ மேகம் மூடினால் வானம் முழுவதும் வேட்டிதான். ஆனால் வெளிச்சம் குறையும், முக்காலி இல்லாமல் படம் ஆடிவிடும்.

மெருகு பூசிய வயலினில் வெள்ளைத் திட்டு விழுகிறதா? மெருகைக் கண்ணாடி என்றே நினைத்துக்கொள்ளுங்கள். திட்டு விழும் இடத்தில் ஒரு சின்ன முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து, கமரா நிற்கும் இடத்திலிருந்து பாருங்கள். எந்த விளக்கு, எந்த யன்னல் குற்றவாளி என்று அதில் தெரிந்துவிடும். அதை நகர்த்துங்கள், அல்லது வயலினைத் திருப்புங்கள். கமராவில் மாட்டும் போலரைசர் வடிகட்டியும் மெருகின் பளபளப்பைக் குறைக்கும். ஆனால் வீணையில் தந்திகளுக்குக் கீழே வரிசையாக நிற்கும் பித்தளை மெட்டுகளிடம் அதன் ஜம்பம் சாயாது, உலோகப் பளபளப்பு அதற்குக் கட்டுப்படுவதில்லை.

இரவில் படம் எடுக்க வேண்டியிருந்ததால் முதலில் ஹாலஜனுக்குப் போனேன். நிறத்தில் அதற்கு இணை இல்லை, நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்று அளக்கும் நிறத்துல்லியக் குறியீடு (CRI) ஏறத்தாழ 100. விலையும் மலிவு. ஆனால் தின்னும் மின்சாரத்தில் பெரும்பகுதியை வெப்பமாகத்தான் துப்புகிறது. வீணையின் 24 மெட்டுகளும் கரி கலந்த மெழுகில் பதிந்திருப்பவை என்பதை அந்த இரவு மறந்துவிட்டேன். 500 வாட் விளக்கைப் பக்கத்தில் வைத்துச் சாவகாசமாகக் கோணம் பார்த்துக்கொண்டிருந்தபோது மேல்வரிசையில் இரண்டு மெட்டுகள் மெல்லச் சாய்ந்தன. மறுபடி மேளம் கட்டி, அதாவது மெட்டுகளை மெழுகில் பதித்து, சுருதி பார்த்து முடிப்பதற்குள் ஒரு வாரம் போயிற்று. வச்சிரப் பசையால் ஒட்டிய வயலினும் சூட்டில் இளகக்கூடியதுதான். ஹாலஜன் வேண்டாம்.

மிஞ்சுவது எல்.ஈ.டி. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கடைக்குக் கடை கிடைக்கும். எல்லோரும் வாட்டைக் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது நிறத்துல்லியக் குறியீடு. சாதாரண மின்குமிழில் அது 80 அளவில் இருக்கும், படத்துக்கு 95க்கு மேல் வேண்டும். அடர் சிவப்பைத்தான் மலிவான எல்.ஈ.டி. முதலில் கொல்லும். பெட்டியில் எண் இல்லையென்றால் பையிலிருக்கும் குங்குமப் பொட்டலத்தைத் திறந்து விளக்கின் கீழே பிடித்துப் பாருங்கள். குங்குமம் மண்ணிறமாகத் தெரிந்தால் வந்த வழியே திரும்பிவிடுங்கள், செம்மெருகு பூசிய வயலினும் அப்படித்தான் தெரியும். கடைக்காரர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பார்க்கட்டும். பலகை வடிவ எல்.ஈ.டி.யானாலும் முன்னால் வேட்டி தேவை. சின்ன விளக்கு மெருகில் கூர்மையான பொட்டாகத்தான் விழும். இன்னொன்று, யன்னல் வெளிச்சத்தோடு மஞ்சள் குமிழைக் கலக்காதீர்கள். வீணையின் ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் செம்மஞ்சளுமாகும்.

நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் தரமற்ற விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழுந்தால் ஷட்டரை 1/100 அல்லது 1/50 நொடியில் வையுங்கள். தந்தியை முறுக்கும் பிருடையைக் கடைசலில் கடையும்போது இதே துடிப்பு ஆபத்து. வேகமாகச் சுழலும் கட்டை நின்றுவிட்டது போலத் தோன்றலாம். கடைசலுக்குத் துடிக்காத விளக்குத்தான் வேண்டும்.

பிளாஷ்? பழகியவர்களுக்குச் சரி. பளபளப்பு எங்கே விழும் என்று முன்கூட்டிப் பார்க்க முடியாததால் எனக்குப் பொறுமை இல்லை.

வேலை மேசையில் வேட்டியைக் கழற்றிவிடுகிறேன். வளைகின்ற கையுள்ள சின்ன எல்.ஈ.டி. மேசைவிளக்கை ஏறத்தாழ மரத்தின் மட்டத்துக்குத் தாழ்த்தினால், கை தடவிக்கூடத் தெரியாத கீறலும் நிழல் போட்டுக்கொண்டு எழுந்து நிற்கும். மிருதங்கக் கரணை எங்கே பெயரத் தொடங்கியிருக்கிறது என்பதும் தெரியும். படத்துக்கு இந்த வெளிச்சம் கொடுமை, ஐம்பது வருட வீணை நூற்றைம்பது வருடக் கிழவியாகிவிடும்.

கூரையிலிருக்கும் குழல் விளக்கை இன்னும் கழற்றவில்லை. கீழே விழுந்த ஆணியைத் தேட அதுதான் நல்லது.