தோல்ல பூ செதுக்கி ஹோல்ஸ்டர் பண்ற கிட், வாங்கலாமா?

அப்பா செடி வெட்டுற கத்தரிய எப்பவும் பேண்ட் பின்பாக்கெட்லதான் சொருகி வைப்பார், இதுவரைக்கும் மூணு பேண்ட் கிழிஞ்சாச்சு. சரி, இடுப்புல மாட்டுற மாதிரி ஒரு தோல் ஹோல்ஸ்டர், அதுல கொஞ்சம் பூவும் கொடியும் செதுக்கி நம்ம கையாலயே பண்ணிக் குடுப்போம்னு ஆன்லைன்ல ஒரு கிட் வாங்கினேன். கம்பெனி பேர் வேண்டாம், விஷயத்த மட்டும் சொல்றேன்.

மொதல்ல நல்லத சொல்லிடறேன். தோல் அருமை. வெஜ் டேன் தோல், அதாவது மரப்பட்டை டானின்ல பதம் பண்ணினது, 8-9 அவுன்ஸ்னு போட்டிருந்தான். இந்த அவுன்ஸ் எடை இல்லீங்க, கனம். ஒரு அவுன்ஸ்னா கிட்டத்தட்ட 0.4 மி.மீ., அப்ப இது 3 மில்லிக்கு மேல வரும், ஹோல்ஸ்டருக்கு கரெக்ட்டான கனம். சில மலிவு கிட்ல குரோம் டேன் தோல, அதாவது குரோமிய உப்புல பதம் பண்ணினத, வச்சு ஏமாத்திடறாங்க, அதுல டூல வச்சு என்ன அடி அடிச்சாலும் டிசைன் நிக்காது, ஸ்பான்ஜ் மாதிரி எழும்பி வந்துடும்.

இப்ப திட்டு. ஸ்விவல் கத்தினு ஒண்ணு இருக்கு, மேல வளைவுல ஆள்காட்டி விரல வச்சு அமுக்கி, மத்த விரலால உருட்டி உருட்டி கோடு வெட்டணும், மொத்த செதுக்கலுக்கும் அதான் உசிரு. கிட்ல வந்த கத்தி வெண்ணெய்கூட வெட்டாது. வெட்டுறதுக்குப் பதிலா தோல இழுத்துக்கிட்டே போகுது, வளைவு வந்தா பிசிறு பிசிறா கிளம்புது. நான் என் கை சரியில்லன்னு ரெண்டு நாள் ஒரு பழைய துண்டுல பழகி பழகி வெறுத்துப்போய், அப்புறம்தான் ஒரு தோல் பட்டையில கத்தி தீட்டுற பச்சை பாலிஷ் தடவி கத்திய நாப்பது அம்பது தடவ தீட்டிப் பாத்தேன், அடேங்கப்பா, அதே கை, அதே தோல், வழுக்கிட்டு போகுது. இத டப்பா மேலயே எழுதி ஒட்டியிருக்கணும், உள்ள இருக்கற பேப்பர்ல ஒரு வார்த்த கிடையாது. (வெட்டு தோல் கனத்துல மூணுல ஒரு பங்கு ஆழம் போனா போதும், பாதிய தாண்டிடாதீங்க.)

அந்த பேப்பர்ல இன்னொரு கூத்து, "தோலை ஈரப்படுத்தவும்"னு ஒரே வரி. எவ்வளவு ஈரம்? நான் பக்கெட்ல முக்கி எடுத்துட்டு அடிச்சேன், பெவலர் டூல் (வெட்டுன கோட்டோட ஒரு பக்கத்த சரிவா அமுக்கிவிடறது) வச்ச இடமெல்லாம் களிமண்ல விரல் வச்ச மாதிரி கொழகொழன்னு ஆயி, காஞ்சதும் பாதி டிசைன காணோம். சரியான முறை என்னன்னா, ஸ்பான்ஜ்ல நல்லா நனைச்சு பிளாஸ்டிக் கவர்ல சுத்தி ஒரு ராத்திரி வச்சுடணும், மறுநாள் வெளிய எடுத்து தோல் அதோட பழைய நிறத்துக்கு திரும்பற வரைக்கும் விடணும், ஆனா கன்னத்துல வச்சா ஜில்லுன்னு இருக்கணும். அந்த நேரத்துல பெவலர வெட்டு ஓரமா வச்சு தட்டித் தட்டி நகத்திட்டே போனா அடி விழுந்த இடம் தானா பழுப்பா மாறும் பாருங்க, அத பாக்கறதுக்கே இந்த வேலைய செய்யலாம்.

மத்த டூல்ஸ் ஆறும் ஓகே. பெவலர், இதழ்ல குழிவு குடுக்கற பியர் ஷேடர், பூவச் சுத்தி இருக்கற இடத்த அமுக்கற பேக்கிரவுண்டர் இந்த மூணத்தான் நான் தொட்டேன், மீதி சும்மா டப்பாவ நிரப்ப. கூட வந்த மரச் சுத்தியல் ரொம்ப லேசு, ஆனா அதுக்காக இரும்புச் சுத்தியல எடுத்துடாதீங்க, டூல் தலை நசுங்கிடும். அடியில கனமான கிரானைட் துண்டு ஒண்ணு வச்சுக்கோங்க.

தையல்ல நூல் பத்தல. ஒரே நூல், ரெண்டு முனையிலயும் ஊசி, ஒரே ஓட்டையில ரெண்டு பக்கமும் போய் வர்ற சேடில் தையல் இது, ஒரு இடத்துல நூல் அறுந்தாலும் மொத்தமும் பிரிஞ்சு வராது, மெஷின் தையலுக்கு அந்த பலம் கிடையாது. ஆனா தைக்கிற நீளத்துக்கு நாலு மடங்காவது நூல் வேணும், கிட்ல ரெண்டரை மடங்குதான் இருந்துச்சு. அதவிட பெரிய தப்பு, வெல்ட் குடுக்கல. வெல்ட்னா ரெண்டு தோலுக்கும் நடுவுல ஓரத்துல வச்சு சேத்து தைக்கிற பட்டை, அது இல்லன்னா கத்தரி முனை நேரா நூல்ல உரசி கொஞ்ச நாள்ல அறுத்துடும். நான் வெட்டி மிஞ்சின துண்டுல போட்டுக்கிட்டேன்.

கடைசில மோல்டிங். தோல மறுபடி ஈரமாக்கி கத்தரிய உள்ள விட்டு விரலால அமுக்கி ஷேப் எடுக்கணும். இங்க நான் பண்ண முட்டாள்தனம், கத்தரிய அப்படியே வெறுமனே உள்ள விட்டேன். ஈரமும் இரும்பும் டானினும் சேந்தா கருப்பாயிடும்னு எனக்கு அப்ப தெரியாது, காலைல பாத்தா உள்ள முழுக்க மை கொட்டின மாதிரி கறை, வாய்ப்பக்கம் வெளியவும் ஒரு திட்டு. எலுமிச்சை சாறு தேச்சதுல கொஞ்சம் வெளுத்துச்சு, முழுசா போகல. கத்தரிய கிளிங் பிலிம்ல, அதான் ஒட்டிக்கற மெல்லிசு பிளாஸ்டிக் தாள்ல, ரெண்டு சுத்து சுத்தியிருந்தா முடிஞ்சிருக்கும். அப்புறம் மடிப்பு வர்ற இடத்துல பூ போடாதீங்க, மடிக்கும்போது இதழ் இழுபட்டு சப்பையாயிடுது, என்னோடதுல ஒரு பூ அப்படித்தான் அசடு வழியுது.

மொத்தத்துல அஞ்சுக்கு மூணு ஸ்டார், அந்த மூணும் தோலுக்குத்தான். புதுசா கத்துக்கறவங்க முழு கிட்டா வாங்காம நல்ல தோலும் நல்ல ஸ்விவல் கத்தியும் தனியா வாங்கி, டூல் மூணு மட்டும் சேத்துக்கோங்க.

அப்பாகிட்ட குடுத்தேன். திருப்பித் திருப்பி பாத்துட்டு, "பூவெல்லாம் நல்லாத்தான் இருக்கு, கத்தரிய வெளிய எடுக்கத்தான் ரெண்டு கை வேணும்போல"ன்னார். டைட்டா மோல்ட் பண்ணிட்டேன். வாய்ப்பக்கம் மட்டும் லேசா நனைச்சு, இந்த தடவ கத்தரிய பிலிம்ல நாலு சுத்து சுத்தி உள்ள விட்டு காய வச்சிருக்கேன்.