பழைய மாருதி 800-ஐ உடைக்கக் கொடுக்கிறீர்களா? பதிவு பெற்ற மையங்கள் எப்படி

காசை எதிர்பார்த்துப் போனால் அரசுப் பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்தில் ஏமாற்றம்தான் மிஞ்சும். அங்கே போக வேண்டியது பதிவை ரத்து செய்யும் பேப்பருக்காக. 800 மாதிரி வண்டிக்குக் காயலான் கடைக்கும் மையத்துக்கும் உள்ள இந்த வித்தியாசம் ரொம்பவே பெரிது.

1983 டிசம்பரில் வெளிவந்த 800, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றது. சென்னையில் பாரத் ஸ்டேஜ் 4 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த 2010 ஏப்ரலோடு புது வண்டி விற்பனையே முடிந்துபோனது. ஆக, சென்னையில் புதிதாகப் பதிவான 800 எல்லாம் 15 வருடத்தைத் தாண்டியாகிவிட்டது. ஆர்.சி. புதுப்பிக்க மத்திய விதிப்படி 5,000 ரூபாய். 20 வருடம் தாண்டியதென்றால் 2025 ஆகஸ்டிலிருந்து 10,000. அதோடு பசுமை வரி, எஃப்.சி.க்குக் காட்ட டிங்கரிங், பெயின்ட். ஓட்டுநர் பக்கத் தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். அடித்தகடு துருவேறி ரோடு தெரிகிறதென்றால் செலவு பண்ணிப் பிரயோசனமில்லை. பேட்டரி தட்டும் பின் சக்கர வளைவும் அடுத்துப் பார்க்க வேண்டிய இடங்கள்.

மையங்கள் பெரும்பாலும் எடையை வைத்துத்தான் விலை போடும். 800-இன் மொத்த எடையே ஏறத்தாழ 650 கிலோ. கிலோவுக்கு 25 ரூபாய் பேசினாலும் 16,250தான்; டோ வண்டி வாடகையைக் கழித்தால் இன்னும் குறையும். (வாடகை யார் தலையில் என்பதை முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.) சென்னையில் பழைய உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டை மாதிரி இடத்தில் கூடுதலாகக் கிடைக்க வாய்ப்பு உண்டு, காரணம் எளிது. அங்கே வாங்குகிறவர் இரும்பைப் பார்ப்பதில்லை, உருப்படியைப் பார்க்கிறார். 796 சிசி மூன்று சிலிண்டர் எஞ்சின் ஆம்னியிலும் ஓடியதால் எஞ்சின், ஆல்டர்னேட்டர் இரண்டுக்கும் இன்னும் ஆள் இருக்கிறது. நல்ல நிலையில் உள்ள கார்புரேட்டரும் கதவும் தனியாகவே விலைபோகும்.

சிக்கல் வண்டி கைமாறிய பிறகுதான் வரும். மோட்டார் வாகனச் சட்டம் 55-வது பிரிவுப்படி, இனி ஓடவே ஓடாது என்று ஆன வண்டியைப் பற்றி உரிமையாளர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ஒப்படைக்க வேண்டும். காயலான் கடைக்காரர் அதைச் செய்துதர மாட்டார். உடைப்பதாகச் சொல்லி வாங்கிய வண்டியைப் புரோக்கர் வேறு ஊரில் ஓடவிட்டால் இன்னும் மோசம். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் நவீன் குமார் வழக்கில் சொல்லிவிட்டது. வண்டியைப் பெயர் மாற்றுவதற்கான படிவம் 29, 30-இல் தேதி போடாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதைப்போல் ஆபத்து வேறில்லை.

மையத்தில் வேலை, அரசின் வாகனப் பதிவு இணையதளமான ‘வாகன்’ வழியாக நடக்கும். அசல் ஆர்.சி., ஆதார், பான், ரத்து செய்த காசோலை ஆகியவற்றைத் தயாராக வைத்திருங்கள். விண்ணப்பம் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடங்கள் உண்டு. புத்தக வடிவ ஆர்.சி. காலத்து வண்டி வாகனில் ஏறாமலே இருக்கும், ஆர்.டி.ஓ.வில் பழைய பதிவை ஏற்றச் சொல்லிவிட்டுத்தான் மையத்துக்கே போக வேண்டும். எப்போதோ கட்டி முடித்த கடனுக்கு ஹெச்.பி. (ஆர்.சி.யில் இருக்கும் கடன் குறிப்பு) கேன்சல் ஆகாமல் கிடக்கும். நிலுவை அபராதம் இருக்கும்.

இன்னொன்று சேஸிஸ் நம்பர். 800-இல் பானட்டைத் திறந்தால் எஞ்சினுக்குப் பின்னால் நிற்கும் தகட்டுச் சுவரில் குத்தியிருப்பார்கள். இரண்டு மூன்று முறை பெயின்ட் ஏறிய வண்டியில் எழுத்தே தெரியாது. கம்பி பிரஷ் போடாதீர்கள், எழுத்து தேய்ந்துவிடும். துணியில் தின்னர் தொட்டு மெதுவாகத் துடைத்து, மேலே வெள்ளைத் தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்தால் நம்பர் தாளில் பதியும். ஆர்.சி.யோடு ஒவ்வோர் எழுத்தாக ஒத்துப் பாருங்கள். உடைக்கும்போது இந்தத் துண்டைத்தான் மையம் தனியாக வெட்டி எடுத்துப் பத்திரப்படுத்தும்.

விலை பேசுவதற்கு முன், புகைக்குழாயில் நச்சுப் புகையைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் 1995 ஏப்ரல் முதல் புது பெட்ரோல் கார்களுக்கு அது கட்டாயமானது. உள்ளே பிளாட்டினம் வகை உலோகம் இருப்பதால் அந்த ஒரு உருப்படிக்கே தனி மதிப்பு. இழுவை குறைகிறதென்று முன்பே எந்த ஒர்க்‌ஷாப்பிலாவது கழற்றி வெறும் குழாய் மாட்டியிருந்தால் பேரம் பேச முடியாது. இருந்தால், எடைக் கணக்கில் சேர்த்துவிடச் சம்மதிக்காதீர்கள்.

வண்டியை ஒப்படைத்ததும் வைப்புச் சான்றிதழ், உடைத்து முடிந்ததும் உடைப்புச் சான்றிதழ் என இரண்டு தாள் வர வேண்டும். முதலாவதைக் காட்டினால் புது வண்டிக்குப் பதிவுக் கட்டணம் கிடையாது. சொந்த உபயோக வண்டிக்குச் சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தர மத்திய விதி இடம் கொடுக்கிறது. எவ்வளவு தருவது என்பது மாநிலத்தின் கையில், ஆகவே ஷோரூமில் முன்பே கேளுங்கள். புது வண்டி வாங்காதவர் அந்தச் சான்றிதழை வேறொருவருக்கு விற்கலாம். இரண்டாவது சான்றிதழ்தான் தாமதமாகும். அது வந்து, வாகனில் பதிவு ரத்து என்று தெரியும்வரை தொடர்ந்து கேட்டுக்கொண்டே இருங்கள். காப்பீட்டையும் ஃபாஸ்டேகையும் அதற்குப் பிறகு ரத்து செய்தால் போதும்.

ஞாபகத்துக்கு ஏதாவது வைத்துக்கொள்ள ஆசையா? எஞ்சின், கியர்பாக்ஸ் குறைந்தால் மையம் விலையைக் குறைக்கும். பின்பக்கத்து 800 எழுத்தை யாரும் எடை போடப் போவதில்லை. ஒட்டிய வகையாக இருந்தால் ஹேர் டிரையரில் ஒரு நிமிடம் சூடு காட்டி, தூண்டில் நரம்பைப் பின்னால் விட்டு ரம்பம்போல் இழுங்கள், உடையாமல் வரும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் எட்டு முதலில் உடையும்.