இந்தப் புண்ணர் எந்தப் புண்ணர்? மலலசேகரவின் பாலிப் பெயரகராதி

பாலி மொழிப் பௌத்த நூல்களில் வரும் ஆட்கள், இடங்களின் பெயர்களுக்கு ஜி. பி. மலலசேகர தொகுத்த பாலிச் சிறப்புப்பெயர் அகராதி 1937, 1938 ஆண்டுகளில் இரண்டு தொகுதிகளாக வந்தது. ஒரே பெயருடைய பலரைப் பிரித்தறிய இன்றும் முதலில் எடுக்க வேண்டிய நூல் இதுதான். ஒவ்வொருவருக்கும் 1, 2, 3 என்று எண் கொடுத்து, யார் எந்த நூலில் எந்தப் பக்கத்தில் வருகிறார் என்று சொல்லிவிடுகிறது.

அதன் தேவை சோணர் என்ற பெயருடையவர்களைப் பார்த்தாலே தெரியும். துறவியர் ஒழுக்க விதிகளான விநயத்தின் மகாவக்கம் என்ற பகுதியில், தோல் பொருள்களைப் பற்றிய ஐந்தாம் இயலில் மட்டும் இருவர் வருகிறார்கள். நடைதியானத்தில் பாதம் கிழிந்து ரத்தம் வடிந்தவர் சோண கோளிவிசர். அவரால்தான் ஓரடுக்குச் செருப்புக்கு அனுமதி கிடைத்தது. அவந்தி நாட்டிலிருந்து புத்தரின் சீடர் மகாகச்சானரின் வேண்டுகோளைப் புத்தரிடம் சுமந்து வந்தவர் சோண குடிகண்ணர். எல்லைப்புற நாடுகளில் துறவு அளிக்கப் பத்துப் பேருக்குப் பதில் ஐவர் போதும், பல அடுக்குச் செருப்பும் அணியலாம் என்ற தளர்வுகள் அப்போது வந்தவை. இரண்டு இடத்திலும் செருப்பு இருப்பதால் இருவரையும் ஒருவராக்கிவிடுவது எளிது.

பக்க எண்களில்தான் பலரும் சறுக்குகிறார்கள். அகராதி தருவது பாலி நூல்களை ரோமன் எழுத்தில் வெளியிடும் பாலி நூற்கழகப் பதிப்பின் தொகுதியும் பக்கமும். சுத்தத்தின் (பாலியில் 'சுத்த', அதாவது சூத்திரம், புத்த உரை) வரிசை எண் அல்ல. நடுத்தர நீள உரைகளின் தொகுப்பான மச்சிம நிகாயத்தின் முதல் தொகுதி 145ஆம் பக்கம் என்றால் அது 24ஆம் சுத்தம். அங்கே புத்தரின் தலைமைச் சீடர் சாரிபுத்தரோடு ஏழு தேர்களின் உவமையைப் பேசுபவர் மந்தாணிபுத்தரான புண்ணர். 145ஆம் சுத்தத்தைத் திறந்தாலோ சுனாபரந்த நாட்டுக்குப் புறப்படும் வேறொரு புண்ணர் நிற்பார்! பெயரும் பொருந்திவிடுவதால் தவறு கண்ணில் படவே படாது. இன்னொரு புண்ணர், நாய்போல் வாழும் துறவியோடு வரும் மாட்டு விரதக்காரர், 57ஆம் சுத்தத்தில் இருக்கிறார்.

பெரிய குறை ஒன்று உண்டு. மூலநூல், அதன் உரையான அட்டகதை, வரலாறு சொல்லும் பிற்கால வம்ச நூல்கள் ஆகியவற்றின் எல்லாச் செய்தியும் ஒரே பத்தியில் கலந்து வரும். புத்தரின் முற்பிறவிக் கதைகளான ஜாதகங்களில் இது மிகவும் முக்கியம்: அங்கே பாடல்கள்தாம் மூலம், உரைநடைக் கதை உரையாசிரியருடையது. கதையில் வந்த அன்றைய அரசனே இன்றைய ஆனந்தர் (புத்தரின் சீடர்) என்று முடிச்சுப் போடும் இறுதிப் பகுதியும் அந்த உரைநடையே. காசியை ஆண்ட பிரம்மதத்தன் கதைக்குக் கதை வருகிறான். அவர்களையெல்லாம் ஒரே மன்னனாக எண்ணி வரலாறு எழுதக் கூடாது.

வரிசை பாலி நெடுங்கணக்கு என்பதால் தமிழருக்குப் பழக்கமானதே. முதல் தொகுதி 'த' வர்க்கத்தின் நான்காம் எழுத்தோடு முடிய, 'ந'வில் இரண்டாவது தொடங்குகிறது. ஆனால் தமிழின் ஒரு 'ப' பாலியில் நான்கு எழுத்து. நான்கு இடத்திலும் தேட வேண்டும். நம் குண்டலகேசியைக் 'கு'வில் தேடாமல், 'ப' வர்க்கத்தின் நான்காம் எழுத்தில் பத்தா குண்டலகேசா என்று தேடுங்கள். பக்கத்திலேயே மகாகஸ்ஸபரின் முன்னாள் மனைவி பத்தா காபிலானியும் இருப்பார். முன்னவர் விரைந்து ஞானம் பெற்றவர்களில் முதல்வர், பின்னவர் முற்பிறவிகளை நினைவுகூர்வதில் முதல்வர்.

வாங்குவதானால் இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள்: கஸ்ஸபர்கள் முதல் தொகுதியில், சோணர்களும் புண்ணர்களும் இரண்டாவதில். இணையத்தில் இலவசமாகப் படிப்பவர்கள் சுருக்கக்குறிப் பட்டியலை முதலில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்; அது இல்லாமல் எது மூலம், எது அட்டகதை என்று பிரிக்க முடியாது.