மாரிட்ஸ்பர்க் அரைநாள் உலா: முதல்வருக்கு ஒதுக்கியது ஏழு நிமிடம்

தென்னாப்பிரிக்காவில் பெண்கள் மாதமான ஆகஸ்டில், டர்பனிலிருந்து பீட்டர்மாரிட்ஸ்பர்குக்குத் தமிழ் விளக்கத்தோடு அழைத்துச் செல்லும் ஓர் அரைநாள் உலாவுக்கு மாமியாரையும் கூட்டிக்கொண்டு போய்வந்தேன். ஒருவருக்கு 650 ரேண்ட். எங்கள் குவாசுலு-நேட்டால் மாகாணத்தின் முதல் பெண் முதல்வரான நொமுசா டுபே-ன்குபேயின் அரசியல் வாழ்க்கையைச் சட்டமன்ற வாசலில் நின்றபடியே கேட்கலாம் என்று துண்டறிக்கையில் போட்டிருந்ததை நம்பித்தான் பணம் கட்டினேன். நடத்துகிறவர்கள் சிறு குழுவினர், கெட்ட எண்ணம் இல்லாதவர்கள் என்பதால் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் சொன்ன சரக்கில் பாதிதான் கைக்கு வந்தது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். டர்பனின் சாட்ஸ்வர்த்தில் காலை எட்டு மணிக்கு வண்டி சரியாக வந்து நின்றது. எண்பது கிலோமீட்டர் தூரத்தையும் என்3 நெடுஞ்சாலையில் ஓட்டுநர் நிதானமாகக் கடந்தார். கோயில் மாலை வகுப்பில் தமிழ் படித்ததாகச் சொன்ன வழிகாட்டித் தம்பி தயங்கித் தயங்கிப் பேசினாலும் தப்பில்லாமல் பேசினார். 'ன்குபே' என்ற பெயரின் நடுவில், நாக்கைப் பல்லில் ஒட்டிச் சட்டென்று விடுவிக்கும் ஜூலு ஒலி ஒன்று இருக்கிறது. நம் எழுத்தில் அதை எழுத வழியில்லை. அவர் அதை ஒவ்வொரு முறையும் சரியாகவே ஒலித்தார். மாமியார் வண்டியில் அரைமணி நேரம் முயன்று பார்த்துவிட்டு, கோழியைக் கூப்பிடுவதுபோல் இருக்கிறது என்று விட்டுவிட்டார்.

குறை ஊருக்குள் நுழைந்ததும் தொடங்கியது. 1893 ஜூன் 7 அன்று காந்தியை இறக்கிவிட்ட ரயில் நிலையத்தில் முக்கால் மணி நேரம் நின்றோம். அந்தக் கதையைப் பள்ளி நாள் முதல் கேட்டு வளர்ந்தவர்கள்தான் வண்டி முழுக்க இருந்தோம். பிறகு சட்டமன்றத்தின் முன்னுள்ள விக்டோரியா சிலையருகே படம் எடுத்துக்கொள்ளப் பதினைந்து நிமிடம். யாருக்காகப் பணம் கட்டினோமோ அந்த அம்மாவுக்குக் கிடைத்தது ஏழு நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

அந்த ஏழு நிமிடத்திலும் ஒரு பிழை. 'நாட்டிலேயே முதல் பெண் மாகாண முதல்வர்' என்று தம்பி அறிமுகப்படுத்தினார். அப்படியில்லை. 1996இலேயே ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் ஐவி மட்செபே-கசபுரி அந்தப் பதவிக்கு வந்துவிட்டார். 2004இல் ஒரே நேரத்தில் நான்கு மாகாணங்களில் பெண்கள் முதல்வராக இருந்தார்கள். நம் மாகாணம்தான் பிந்தியது. 1994 முதல் எட்டு ஆண்கள் வரிசையாக அமர்ந்த நாற்காலியில், பெண்கள் தினத்துக்கு மறுநாளான 2022 ஆகஸ்ட் 10 அன்று ஒன்பதாவதாக அமர்ந்தவர் இவர். இந்தத் தாமதம் ஏன் என்று ஆராய்ந்திருந்தால் அந்த ஏழு நிமிடத்தையாவது உருப்படியாகக் கழித்திருக்கலாம்.

பதவியேற்பு நாளைப் பற்றி மட்டும் பேசிவிட்டு, அதற்கு முந்தைய பதின்மூன்று ஆண்டுகளைத் தாண்டிப் போனதுதான் என் பெரிய மனக்குறை. செக் குடியரசில் நம் நாட்டுத் தூதராக இருந்துவிட்டுத் திரும்பிய இவரை, 2009இல் முதல்வர் ஸ்வெலி ம்கிசே உள்ளாட்சிக்கும் மரபுத் தலைவர்களுக்குமான துறையின் எம்.இ.சி. ஆக்கினார். மாகாண அமைச்சரை நாம் எம்.இ.சி. என்றுதானே சொல்கிறோம். கவுண்டர் என்ற பெயர்தான் கோவெண்டர் ஆயிற்று என்று நம் பெரியவர்கள் சொல்வார்களே, அந்தப் பெயருடைய மேகி கோவெண்டர், குடியிருப்பு, பொதுப்பணித் துறைகளோடு அதே அமைச்சரவையில் இருந்தார். தமிழ்ப் பயணிகளுக்கு நடத்தும் உலாவில் அவர் பெயர் ஒரு முறைகூட வராததை என்னவென்று சொல்வது?

உள்ளாட்சித் துறை பளபளப்பான துறை அன்று. கணக்கு ஒழுங்காக இல்லாத, கடமையைச் செய்யத் தவறிய நகராட்சியில், அரசியலமைப்பின் 139ஆம் பிரிவின்படி மாகாண அரசு தலையிட்டு நிர்வாகியை அமர்த்தும்போது, சொந்தக் கட்சியின் நகரத் தந்தையையே பகைத்துக்கொள்ள வேண்டி வரும்; ஒரு பக்கம் தேர்தலில் வென்ற மன்ற உறுப்பினர்களும் மறுபக்கம் பரம்பரைத் தலைவர்களான அமாகோசிகளும் இழுக்க, இருவருக்கும் நடுவில் நிற்க வேண்டும். அந்தத் துறையில் பத்தாண்டு தாக்குப்பிடித்து, பின் பொருளாதார மேம்பாடு, 2020 இறுதியிலிருந்து நிதி என்று படிப்படியாக ஏறியவர் இவர். அவர் முதல்வரானபோது, அந்த ஏப்ரல் மாதம் நானூறுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோன வெள்ளத்தின் சேறுகூட முழுதாகக் காயவில்லை. முந்தைய ஆண்டு ஜூலைக் கலவரத்தின் காயமும் ஆறவில்லை. இதில் ஒரு வரியும் எங்கள் காதில் விழவில்லை.

திரும்பும்போது மாமியார், "தம்பி, அந்தம்மாவ ஏன்பா எடுத்துட்டாங்க?" என்று கேட்டார். "தேர்தல்ல தோத்துட்டாங்க ஆயா" என்று தம்பி பதில் சொன்னார். பாதிதான் சரி. இங்கே முதல்வருக்கு நாம் நேராக வாக்களிப்பதில்லை. எண்பது பேர் கொண்ட சட்டமன்றம்தான் தேர்ந்தெடுக்கிறது. 2024இல் அம்மாவின் கட்சியான ஏ.என்.சி. (ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ்) 44 இடத்திலிருந்து 14க்குச் சரிந்தது, எம்.கே. கட்சி 37 வாங்கியும் பெரும்பான்மை எட்டவில்லை. 15 இடம் பெற்ற இன்காதா கட்சியின் தாமி ந்துலி, நான்கு கட்சிக் கூட்டணியின் பலத்தில் 41க்கு 39 என்ற கணக்கில் முதல்வரானார். இரண்டு வருடத்துக்கும் குறைவாகப் பதவியிலிருந்த அம்மா, 2025 ஜூலையில் தேசிய அரசில் உயர்கல்வித் துணை அமைச்சராகிவிட்டார். நான் இதைச் சொன்னபோது தம்பி நோட்டில் குறித்துக்கொண்டார். அதற்காகவே ஒரு நட்சத்திரம் கூட்டிப் போடுகிறேன்.

ஐந்துக்கு மூன்று. தமிழ் கேட்க ஆசைப்படும் பெரியவர்களைத் தாராளமாக அழைத்துப் போகலாம். அரசியல் தெரிந்துகொள்ள மட்டும் போகிறவர்களுக்கு 650 ரேண்ட் அதிகம். முன்பதிவு செய்யும்போதே ரயில் நிலையத்தில் கால் மணி நேரம் போதும் என்று சொல்லிவிடுங்கள். கடைசி இருக்கை வேண்டாம், அங்கே தம்பியின் குரல் எட்டவில்லை.