கொழுப்பு சதவீதம் காட்டும் எடை மெஷின்: ஓடும் பெண் பிள்ளைக்கு வேண்டாம்

கடலூர் அண்ணா ஸ்டேடியத்தில் ஓடப் போகும் மகளுக்கு இதை வாங்காதீர்கள். எடையைச் சரியாகத்தான் காட்டுகிறது. கோளாறு கொழுப்புக் கணக்கில். வெறுங்காலை உலோகத் தகட்டில் வைத்ததும் மெல்லிய மின்சாரம் பாயும்; அது எவ்வளவு தடைபடுகிறது என்பதை வைத்தே மெஷின் கொழுப்பைக் கணக்கிடுகிறது. உடம்பில் நீர் குறைந்தால் அது தடைபட்டு, கொழுப்பு கூடுதலாகத் தெரியும். நம்மூர் கடற்கரை வெக்கையில் வியர்த்தவளுக்கு இந்த எண்ணை நம்பவே முடியாது.

ஆனால் பிள்ளை நம்பிவிடுவாள், ராத்திரி சோற்றை ஒதுக்குவாள். பூப்பெய்தும் வயதில் இடுப்பும் தொடையும் சதை பிடிப்பது வளர்ச்சி, குறையல்ல. செலவழிக்கும் சக்திக்குச் சாப்பாடு ஈடாகாத நிலைக்கு 2014இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி ‘ரெட்-எஸ்’ என்று பெயரிட்டது: மாதவிலக்கு தப்பும், எலும்பில் கீறல் விழும்.

கவனிக்க வேண்டியது மாதவிலக்குத் தேதியை. தொடர்ந்து 3 மாதம் வராவிட்டால் டாக்டரிடம் போங்கள். மெஷின் காசுக்கு முட்டை, கேழ்வரகு, வேர்க்கடலை வாங்குங்கள்; ஓடி வந்த அரை மணிக்குள் கொடுங்கள்.