சோனார் தடையா, கரையில் மீட்பா?

2002 செப்டம்பரில் ஸ்பெயினின் கேனரி தீவுகளில் கடற்படைப் பயிற்சி நடந்தபோது 14 அலகுத் திமிங்கிலங்கள் (நீண்ட அலகு போன்ற மூக்குள்ள, ஆழத்தில் முங்கும் இனம்) கரை ஒதுங்கின. அறுத்துப் பார்த்ததில் இரத்தக் குழாய்களில் வாயுக் குமிழ்களும் கொழுப்புத் துகள்களும் இருந்தன. ஆழத்தில் இரை தேடுபவை, நீருக்கடியில் ஒலியை அனுப்பி எதிரொலியால் பொருளைக் கண்டறியும் சோனார் கருவியின் ஒலிக்கு மிரண்டு, வழக்கமான முங்கு முறை குலைந்ததே காரணம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. 2004இல் ஸ்பெயின் அங்கே சோனாரைத் தடை செய்தது. அதன்பின் கூட்டமாக ஒதுங்குவது நின்றது. இவ்வளவு மலிவான தீர்வு வேறில்லை.

ஆனால் சோனார் தடை பைலட் திமிங்கிலத்துக்குப் பெரிதாக உதவாது. 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு பக்கம் 80க்கும் மேற்பட்டவை ஒதுங்கின. கூட்டத்தை விட்டுப் பிரியாத இனம். ஒன்று சிக்கினால் மற்றவையும் பின்னாலேயே வரும். மீனவர்கள் பாடுபட்டுக் கடலில் விட்டவற்றில் சில மறுபடியும் கரைக்கே வந்தன. இங்கே மீட்புதான் வழி, முறை தவறினால் கோளாறும் அதில்தான்.

வாலில் கயிறு கட்டி இழுத்தால் முதுகெலும்பு பிசகும். வயிறு தரையில் படும்படி நிமிர்த்தி, பக்கத் துடுப்புகளுக்கு அடியில் மணலைத் தோண்டி, ஈரத் துணி போர்த்துங்கள். தலைமேல் மூச்சு விடும் ஊதுதுளையை மூடக் கூடாது, அதில் தண்ணீரும் போகக் கூடாது. ஓதம் ஏறியதும் உடனே தள்ளிவிடாமல், மிதக்கும் நீரில் நிமிர்த்திப் பிடித்திருங்கள். படுத்தே கிடந்ததில் மரத்த தசைக்குச் சமநிலை திரும்ப நேரமாகும். பிறகு எல்லாவற்றையும் ஒன்றாக விட்டு, கரைப்பக்கம் ஆட்களும் படகுகளும் வரிசையாக நின்று மறிக்க வேண்டும். அடுத்த ஓதம்வரை காவல் கட்டாயம்.